நாற்காலி விமானம்

அப்பாக்களில் ஒரு வகை உண்டு. பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாது. மற்ற அப்பாக்களைப் போலவே சட்டை போட்டிருப்பார்கள், கண்ணெதிரே இருக்கும் சாவியைத் தேடுவார்கள், டீ ஆறிவிட்டது என்று முகம் சுளிப்பார்கள். குழந்தை அழும்போதுதான் இனம் வெளிப்படும். சுற்றிலும் நாலு பேர் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெஞ்சைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, யாரும் கேட்காமலே ஒரு வாக்கியத்தைச் சொல்வார்கள்.

"விடு, நான் பாத்துக்கறேன்."

அதன்பிறகு துண்டை யாராவது எடுத்துத் தர வேண்டும், வெந்நீரை யாராவது வைத்துத் தர வேண்டும், பால்புட்டி மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று யாராவது சொல்லித் தர வேண்டும், குழந்தை நெளியாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். மீதி அத்தனையையும் இவர்களே பார்த்துக்கொள்வார்கள். மீதி என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? போட்டோ எடுக்க வேண்டாமா?

ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு தெருவில் நடந்தால் அவள் தெருவில் நடக்கும் ஒரு பெண். அதே குழந்தையை இவர் தூக்கிக்கொண்டு நடந்தால் அது ஊர்வலம். எதிரே வருகிறவர்கள் சிரிப்பார்கள், வழிவிடுவார்கள், "அடடா, அப்பாவும் பொண்ணுமா!" என்று உருகுவார்கள். இவரும் அந்த உருகலை மறுப்பதே இல்லை.

இந்த இனத்துக்குப் 'பாத்துக்கறேன் அப்பா' என்று பெயர். தரையில் இருக்கும்வரை இவர்களால் யாருக்கும் பெரிய ஆபத்து கிடையாது. ஆனால் ரெண்டு வயசுக் குழந்தையோடு, உதவிக்கு ஆளில்லாமல், பாதி உலகத்தைத் தாண்டிப் போகிற விமானத்தில் ஒருவரை ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? அப்படி ஏறிய ஒருவரின் கதையைக் கேளுங்கள். கையில் ஒரு கைக்குட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்பட்டாலும் படும்.

நம்மவர் ஒரு டயர் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அவருடைய வேலை, தீப்பிடிக்காத நாட்களில் தீப்பிடித்ததாக எல்லோரையும் நம்பவைப்பது. மாதம் தவறாமல் சங்கை ஊதுவார். தொழிலாளர்கள் வரிசையாக இறங்கி, வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் நிற்பார்கள். இவர் விசில் ஊதி, "ஒத்திகை வெற்றி!" என்று அறிவிப்பார். எல்லோரும் கைதட்டிவிட்டு மறுபடி மாடியேறுவார்கள். ஒருநாள் நிஜமாகவே ஒரு மெஷினிலிருந்து புகை வந்தது. சங்கு ஊதியது. இதுவும் ஒத்திகைதான் என்று நினைத்த ஜனங்கள், டீயை நிதானமாகக் குடித்து முடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு இறங்கி வந்தார்கள். நல்லவேளை, புகை தானாகவே அடங்கிவிட்டது. அந்த அனுபவத்திலிருந்து நம்மவர் கற்றுக்கொண்ட பாடம் என்ன? இன்னும் நிறைய ஒத்திகை வேண்டும் என்பதுதான்.

அவருக்கு ஒரு மனைவி, ஒரு மகள். மகளுக்குச் செல்லப்பெயர் பட்டாணி. உருண்டையாக இருப்பாள், கையில் நிற்கமாட்டாள், விழுந்தால் எந்தக் கட்டிலுக்கு அடியில் போனாள் என்று தேட வேண்டும். மனைவி பிசியோதெரபிஸ்ட். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, வீடு பார்த்து வைக்க அவள் முதலில் போனாள். இவரும் குழந்தையும் விசா வந்ததும் போவதாக ஏற்பாடு. வந்துவிடும் வந்துவிடும் என்ற விசா, வராமலே சில மாதங்களை விழுங்கிவிட்டது.

அந்த மாதங்களில் பட்டாணியைப் பார்த்துக்கொண்டது யார்? வேறு யார், நம்மவர்தான். அதாவது, காலையில் அவர் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து சாயங்காலம் திரும்பும்வரை குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்து, மூக்கு சிந்திவிட்டது அவருடைய மச்சினி. திரும்பி வந்தபின் அவள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சநேரம் படுக்கும்போது பார்த்துக்கொண்டது நம்மவர்.

பட்டாணிக்கு அம்மா என்றால் போன். சாயங்காலம் போன் வெளிச்சமாகும், அதில் அம்மா வருவாள், முத்தம் கொடுப்பாள். பட்டாணி கண்ணாடியை எச்சிலாக்குவாள். போன் அணைந்தால் அம்மாவும் அணைந்துவிடுவாள். நாளடைவில் மேஜைமேல் சும்மா கிடக்கும் போனைப் பார்த்தாலே "அம்மா தூங்குது" என்று சொல்ல ஆரம்பித்தாள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஒருநாள் பட்டாணி போனை நக்கிவிட்டு ஓடியபின், மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"என்னங்க... நேர்ல என்னைப் பாத்தா வருவாளா?"

"யாரு?"

"உங்க பொண்ணுதான். என்கிட்ட வருவாளா? யாரோன்னு நினைச்சு அழுதுட்டா?"

இந்தக் கேள்விக்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்லலாம்? யோசிக்கலாம். சும்மா இருக்கலாம். 'எனக்கும் அந்த பயம் இருக்கு' என்று உண்மையைச் சொல்லலாம். நம்மவர் நெஞ்சை முன்னுக்குத் தள்ளினார்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். பட்டாணி கைக்குழந்தையாக இருந்தபோது நம்மவர் வேறொரு நாட்டில் ஒரு வருஷம் வேலை பார்த்தார். அவரிடம் குழந்தையைக் காட்டுவதற்காக மனைவி தனியாக, இதேபோல ஒரு நீண்ட விமானப் பயணம் செய்து போனாள். நம்மவர் தலைக்கு எண்ணெய் தடவி வாரி, இஸ்திரி போட்ட சட்டையும் பூங்கொத்துமாக வாசலில் நின்றார். அவள் வெளியே வந்தாள். முந்தானையில் பால் காய்ந்திருந்தது. தலைமுடி ஒருபக்கம் கொண்டை, ஒருபக்கம் குருவிக்கூடு. தோளில் குழந்தை, கழுத்தில் பை, காலால் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நம்மவர் பூங்கொத்தை நீட்டி, அன்பாகத்தான் கேட்டார்.

"ஏன் தலை இப்படி கலைஞ்சிருக்கு? உக்காந்துதானே வந்தே?"

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். மனைவிமார் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்பது நம்மவரின் எண்ணம். உங்களுடைய எண்ணமும் அதுதானா?

கடைசியில் விசா வந்தது. மச்சினி தானும் லீவு போட்டுவிட்டுத் துணைக்கு வருவதாகச் சொன்னாள்.

"மாமா, நானும் வரேனே. அக்காவைப் பாத்த மாதிரியும் இருக்கும், உங்களுக்கும் ஒரு கை ஒத்தாசை."

"ஒத்தாசையா? எதுக்கு? உக்காந்துதானே போகணும்? நான் பாத்துக்கறேன்."

"அவ உக்கார மாட்டா மாமா. அதுதான் பிரச்சனையே."

"உக்காருவா. ஒத்திகை பாத்துடலாம்."

இப்படித்தான் அந்த வீட்டில் விமானம் உருவானது. சாப்பாட்டு மேஜையின் நாலு நாற்காலிகளையும் சுவரோரமாக வரிசையாகப் போட்டார். தன்னுடைய பழைய பெல்ட்டுகளைச் சீட் பெல்ட்டாகக் கட்டினார். மேஜை விரிப்பை விமானத்தின் திரையாகக் கதவில் தொங்கவிட்டார். மச்சினி பணிப்பெண் ஆனாள். அழுக்குத்துணிக் கூடைதான் அவளுடைய தள்ளுவண்டி. நம்மவர் ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வாயில் வைத்து, "பயணிகளுக்கு வணக்கம்" என்று ஆரம்பிப்பார். பெல்ட் மாட்டுவார். பட்டாணியின் நாற்காலியைப் பிடித்து உலுக்குவார். விமானம் மேலே ஏறுகிறதாம். கூடை வரும், பிஸ்கட் வரும். "இப்போ எல்லாரும் தூங்கறோம்" என்பார். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். பிறகு கண்ணைத் திறந்து, மூன்று பேரும் கைதட்டி, "எறங்கியாச்சு!" என்று கத்துவார்கள். உடனே நம்மவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து மனைவியைக் கூப்பிடுவார். போனில் வெளிச்சம் வரும்.

"அம்மா வந்தாச்சு!"

பட்டாணி நாற்காலியில் நின்று குதிப்பாள். ஒத்திகை வெற்றி.

தினமும் சாயங்காலம் விமானம் பறந்தது. தினமும் அரைமணி நேரத்தில் இறங்கியது. தினமும் இறங்கியதும் சட்டைப்பையிலிருந்து அம்மா வந்தாள். பட்டாணி எள்ளளவும் பிசகாமல் கற்றுக்கொண்டாள். நம்மவர் தொழிற்சாலையில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார், "பயிற்சி கொடுத்தா ரெண்டு வயசுக் குழந்தையும் ராணுவ வீரன் மாதிரி!"

"நிஜ விமானத்துல நாற்காலியை யாரு மாமா உலுக்குவாங்க?" என்று மச்சினி கேட்டாள்.

"அது தானாவே குலுங்கும். நீ பிஸ்கட்டைக் கொண்டா."

விமான நிலையத்தில் நம்மவருக்கு ராஜ மரியாதை. நெஞ்சில் ஒரு பை, முதுகில் ஒரு பை, தோளில் பட்டாணி. பரிசோதனை வரிசையில் ஒரு அம்மாள் இடம்விட்டாள்: "பாவம், ஆம்பளை தனியாக் குழந்தையை வச்சிக்கிட்டு நிக்கறாரு, முன்னால விடுங்கப்பா." விமானத்தின் வாசலில் பணிப்பெண், "எவ்வளவு நல்ல அப்பா!" என்றாள். பட்டாணிக்கு நடு இருக்கை, இவருக்கு நடைபாதை ஓரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வழுக்கைத்தலைப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"தனியாவா வர்றீங்க? இந்தக் காலத்துல இப்படி ஒரு அப்பாவா! பெரிய மனசு சார் உங்களுக்கு."

"நம்ம குழந்தையை நாம பாத்துக்காம வேற யாரு சார் பாத்துப்பா?" என்றார் நம்மவர், பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண், மடியில் கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. அவளுடைய பை வழியில் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். குழந்தை ராத்திரி முழுக்க அழுமோ என்று இன்னொருவர் பெருமூச்சு விட்டார். நம்மவருக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் அவருக்குக் கூடவே அறிவுரையும் வரும்.

"ஏறும்போது காது அடைக்கும்மா. பால் குடுத்துடுங்க. எல்லாத்துக்கும் முன்கூட்டியே ஒரு பயிற்சி இருந்தா ஈசி."

"சரிங்க" என்றாள் அவள். அவளுடைய குழந்தை ஏற்கெனவே பால் குடித்துக்கொண்டிருந்தது.

விமானம் கிளம்பியது. என்ன சொல்வது! பட்டாணி பெல்ட்டுக்குத் தானே வயிற்றைக் காட்டினாள். நாற்காலி தானாகவே குலுங்கியது. சபாஷ் என்பதுபோல் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். தள்ளுவண்டி வந்தது, பிஸ்கட் வந்தது. "இப்போ எல்லாரும் தூங்கறோம்" என்றார் நம்மவர். பட்டாணி கண்ணை மூடினாள். பெரியவர் மெய்மறந்து போனார். "குழந்தையா சார் இது, பொம்மை!" நம்மவர் இருக்கையைப் பின்னால் சாய்த்து, வாழ்க்கையில் ஒரு மனுஷனுக்கு எப்போதாவதுதான் கிடைக்கிற அந்தப் பெருமூச்சை மெதுவாக விட ஆரம்பித்தார்.

பாதிதான் விட்டிருப்பார். பட்டாணி கண்ணைத் திறந்தாள். ரெண்டு கையையும் தட்டினாள்.

"எறங்கியாச்சு!"

நம்மவரின் சட்டைப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா! அம்மா வந்தாச்சு! எடு!"

பெருமூச்சின் மறுபாதி உள்ளேயே நின்றுவிட்டது. வெளியே நம் நாட்டின் விளக்குகள்கூட இன்னும் முழுதாக மறையவில்லை. அம்மாவுக்கும் அவளுக்கும் நடுவே எத்தனை கடல், எத்தனை மலை! இவற்றையெல்லாம் ரெண்டு வயசுக்கு எப்படி விளக்குவது? நம்மவர் விளக்கிப் பார்த்தார்.

"இன்னும் இல்லடா கண்ணு. இது பெரிய விமானம். ரொம்ப தூரம்."

"எறங்கியாச்சு!" என்றாள் பட்டாணி, அதிகாரியின் மகளாயிற்றே, விதிமுறையை விட்டுக்கொடுக்காமல். பிஸ்கட் ஆயிற்று. தூக்கம் ஆயிற்று. கைதட்டியும் ஆயிற்று. அம்மா எங்கே?

போனில் சிக்னல் இல்லை. நம்மவர் பழைய வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார். அம்மா சிரித்தாள். பட்டாணியும் சிரித்தாள். "அம்மா, பிக்கட் தின்னேன்" என்றாள். வீடியோவில் இருந்த அம்மா அதற்குப் பதில் சொல்லாமல், போன மாதத்து விஷயம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பட்டாணி இன்னொரு தரம் சொன்னாள். பிறகு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அம்மா பேச மாட்டேங்குது."

அதன்பிறகு எழுந்த அழுகையை நீங்கள் கேட்டதில்லை. விமானத்தின் எஞ்சின்தான் நின்றுவிட்டதோ என்று பயப்படும்படி அது எஞ்சினை அமுக்கிவிட்டது.

நம்மவர் பைகளைத் திறந்தார். பேசும் கிளி, பேசாத கரடி, ஒட்டும் படம், ஒட்டாத படம், வாழைப்பழம் எல்லாம் வந்தன, வந்த வேகத்தில் இருக்கைக்கு அடியில் போயின. அவளுக்குப் பிடித்தவை, இருக்கைப் பையிலிருந்த வாந்திப் பையும் பாதுகாப்பு அட்டையும்தான். அட்டையைக் கண்டதும் நம்மவருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. சொந்தத் தொழில் அல்லவா? "இது அவசர வழி. இது மிதவைச் சட்டை" என்று விளக்கினார். பட்டாணி அட்டையின் ஒரு மூலையைத் தின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

கடைசியில், ஒன்றும் ஓடாத ஒரு கணத்தில், அவர் தனக்குத் தெரிந்த ஒரே வழிக்குத் திரும்பினார். மறுபடி முதலிலிருந்து ஒத்திகை.

"பயணிகளுக்கு வணக்கம்! விமானம் கிளம்பப் போகுது!"

அழுகை நின்றது. பெல்ட் மாட்டினார். விமானம் குலுங்கவில்லை, ஆகவே இவரே உலுக்கினார். பெரியவரின் காப்பி அவருடைய வேட்டி... மன்னிக்கவும், அவருடைய விலை உயர்ந்த பேண்டில் கொட்டியது. பிஸ்கட். தூக்கம். "எறங்கியாச்சு!" பட்டாணி சட்டைப்பையை இழுத்தாள். அம்மா வரவில்லை. அழுகை. மறுபடி வணக்கம்.

அந்த விமானம் அந்தப் பயணத்தில் எத்தனை தடவை கிளம்பியது, எத்தனை தடவை இறங்கியது என்பதை விமானியே அறியமாட்டார். முதல் சில இறக்கங்களுக்கு முன்வரிசைக்காரர்களும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். பிறகு தட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு சிரிப்பதையும் நிறுத்தினார்கள். விளக்குகள் மங்கின. பெரியவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார். வைத்த பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"தாயில்லாம இந்த வயசுக் குழந்தையைக் கொண்டு வரலாமா சார்? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா?"

பெரிய மனசுக்காரர் என்று எழுந்து நின்றவர் இவர்தான்.

கழிவறையில் நடந்ததை விவரமாக எழுத முடியாது. டயபர் மாற்றும் பலகை சுவரில் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பது நம்மவருக்குத் தெரியாது. ஆகவே ஒரு கால்முட்டியில் குழந்தை, ஒரு கையில் துணி, வாயில் ஈரக் காகிதம் என்று சர்க்கஸ் செய்தார். பட்டாணி ஒரு பொத்தானை அழுத்தினாள். பணிப்பெண் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "நான் பாத்துக்கறேன்!" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வாயில் காகிதம் இருந்ததால் அது ஏதோ முனகல் மாதிரிதான் கேட்டது. வெளியே வந்தபோது குழந்தை புதுச் சட்டையில் ஜம்மென்று இருந்தாள். குழந்தைக்கு மாற்றுடை எடுத்து வைத்திருந்த நம்மவர், தனக்கு என்று எதுவும் எடுத்து வைக்கவில்லை. பால், பழம், இன்னும் சொல்லக்கூடாத சிலவும் அவருடைய சட்டையில் இருந்தன. தலைமுடியின் ஒருபக்கம் பட்டாணியின் பிசுபிசுத்த விரல்கள் பிடித்த இடத்தில் அப்படியே நின்றது.

நடைபாதையில் நடந்தார். முன்கோடிக்குப் போனார், பின்கோடிக்கு வந்தார். தோளில் பட்டாணி விசும்பிக்கொண்டே இருந்தாள். "அம்மா எடு... அம்மா எடு..." அது இப்போது கோபம் அல்ல. கெஞ்சல். அந்தக் கெஞ்சலைக் கேட்டபோதுதான் நம்மவருக்குள் ஏதோ ஒன்று பிடிவிட்டது. இந்தக் குழந்தைக்கு அம்மாவை ஒரு சட்டைப்பைக்குள் வைத்துக் கொடுத்தது யார்?

"குடுங்க இப்படி."

நடைபாதைக்கு அந்தப் பக்கத்துப் பெண்தான். அவளுடைய குழந்தை கால்களுக்குக் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையை மட்டும் நீட்டினாள்.

"வேணாங்க, நான்..." என்று ஆரம்பித்தார். வாக்கியத்தின் மிச்சம் எங்கோ போய்விட்டது.

"முகத்தைக் கழுவிட்டு வாங்க. அவ இருப்பா."

பட்டாணி அவள் தோளில் சாய்ந்தாள். அவளுடைய வளையலைத் திருக ஆரம்பித்தாள். நம்மவர் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அந்தப் பெண்ணின் கலைந்த தலையையும், தோளில் காய்ந்திருந்த பாலையும் முதல் தடவையாகப் பார்த்தார். இதே மாதிரி ஒரு தலையை இதற்கு முன்னாலும் எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

"நீங்க தனியாவே போறீங்களா?"

"ஆமாங்க."

"கஷ்டமா இல்லையா?"

அவள் சிரித்தாள்.

"என்ன கஷ்டம்? உக்காந்துதானே வரணும்னு எங்க வீட்டுக்காரர் போன்ல சொல்லித்தான் டிக்கெட் அனுப்பினாரு. அங்க போனதும் பூங்கொத்தோட ஒருத்தரு நிப்பாரு பாருங்க, அவர்தான்."

இறங்கும்வரை நம்மவர் யாருக்கும் எந்த அறிவுரையும் சொல்லவில்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சாட்சி சொல்வார்கள்.

விமானம் நிஜமாகவே இறங்கியபோது பட்டாணி தூங்கிவிட்டாள். கைதட்ட ஆள் இல்லை. போனை எடுத்துப் பார்த்தார். பாட்டும் வீடியோவும் ஓடி ஓடி அது எப்போதோ செத்துப் போயிருந்தது.

வெளிவாசலில், தடுப்புக் கம்பிக்கு அப்பால் மனைவி நின்றாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கையில் பூங்கொத்து இல்லை. ரெண்டு கையையும் காலியாகத்தான் வைத்திருந்தாள், வாங்கிக்கொள்வதற்கு. தூரத்திலிருந்தே ஓடிவந்தாள். அருகே வந்ததும் நடை தயங்கியது. அந்த நேரம் பார்த்துப் பட்டாணி கண்ணைத் திறந்தாள்.

"பட்டாணி... அம்மாடா. அம்மா வந்திருக்கேன் பாரு."

பட்டாணி பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இவ்வளவு பெரிதாக, காலெல்லாம் வைத்துக்கொண்டு நிற்கிற இந்தப் பொம்பளை யார்? முகத்தை அப்பாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். புதைத்தபடியே அவருடைய சட்டைப்பையைக் காட்டினாள்.

"அம்மா இங்க."

நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன. பிறகு மெதுவாகக் கீழே இறங்கின. "பரவாயில்லைங்க" என்றாள் அவள். "புது இடம்... பயப்படறா. போகப் போக..." முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊர்கள் கடந்து, மாதங்கள் கடந்து, மார்போடு அணைக்கக் காத்திருந்த ஒரு தாய், தன் குழந்தைக்கு முன்னால் யாரோ ஒரு வழிப்போக்கராக நிற்பதைப் பார்த்தீர்களா? கைக்குட்டை எங்கே?

'நான் பாத்துக்கறேன்' என்று சொல்ல இதைவிட நல்ல இடம் நம்மவருக்கு இனி ஒருபோதும் வாய்க்காது. ஆனால் அவர் சொல்லவில்லை. சுற்றிலும் பார்த்தார். சுவரோரமாக இரும்பு நாற்காலிகள் வரிசையாக இருந்தன.

"வா" என்றார் மனைவியிடம். "இங்க வந்து முட்டி போட்டு உக்காரு."

"எதுக்குங்க?"

"சொல்றேன், உக்காரு. அவளுக்கு நேரா."

பட்டாணியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். தன் இடுப்புப் பெல்ட்டைக் கழற்றி அவளைச் சுற்றிக் கட்டினார். பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். போகிற வருகிற ஜனம் நின்றது. விமானத்தில் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் பெட்டியோடு அந்த வழியே வந்து, "ஐயோ, இங்கயுமா?" என்று ஒதுங்கினார். நம்மவர் மறு கையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

"பயணிகளுக்கு... வணக்கம்."

பட்டாணியின் முகத்தில் ஒரு சிறு வெளிச்சம்.

நாற்காலியை உலுக்கினார். இரும்பு நாற்காலி, தரையோடு திருகி வைத்தது, அசையவில்லை. ஆகவே குழந்தையை உலுக்கினார். பையின் அடியிலிருந்து கடைசியாக ஒரு உடைந்த பிஸ்கட் வந்தது. "இப்போ எல்லாரும் தூங்கறோம்." பட்டாணி கண்ணை மூடினாள். முன்னால் முட்டி போட்டிருந்தவளும், என்ன ஏது என்று புரியாமலே கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

"எறங்கியாச்சு!"

பட்டாணி கைதட்டினாள். சட்டைப்பையை இழுத்தாள். "அம்மா எடு!"

நம்மவர் போனை எடுத்தார். வெளிச்சமில்லாத, செத்த போன். அதை மனைவியின் முகத்துக்கு முன்னால் பிடித்தார். பட்டாணி கறுத்த கண்ணாடியைப் பார்த்தாள். "அம்மா தூங்குது" என்றாள், உதடு பிதுங்க. அப்போது அவர் போனை மெல்லக் கீழே இறக்கினார். எப்போதும் அந்தச் சதுரத்துக்குள் தெரிகிற அதே முகம், அதே உயரத்தில், அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

பட்டாணி போனைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி அம்மாவின் மூக்கைத் தொட்டாள். கண்ணாடி இல்லை. விரலை எடுத்துப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. மறுபடி தொட்டாள்.

"அம்மா," என்றாள். பிறகு, ரொம்ப நேரமாக ஒருவரும் காது கொடுத்துக் கேட்காத அந்த முக்கியமான செய்தியைச் சொன்னாள்: "பிக்கட் தின்னேன்."

"தின்னியா கண்ணு? நல்லா இருந்துச்சா?"

பதில் வந்துவிட்டது! பெல்ட்டோடு சேர்த்து அப்படியே பாய்ந்தாள். தாயும் மகளும் அந்தத் தரையில் சரிந்து உட்கார்ந்து என்ன அழுதார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் வேண்டாம். நம்மவர் பேண்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நெடுநேரம் கழித்து அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள். குத்திட்டு நிற்கிற முடியைப் பார்த்தாள். கையால் அதை ஒருமுறை படியவைத்தாள். அது மறுபடி எழுந்து நின்றது.

"ஏங்க, தலை ஏன் இப்படி கலைஞ்சிருக்கு?" என்றாள். "உக்காந்துதானே வந்தீங்க?"

நம்மவர் ஒன்றும் சொல்லவில்லை. விஷயம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் மறுவாரமே டயர் தொழிற்சாலை நண்பர் ஒருவர் போன் செய்து, பயணம் எப்படி என்று கேட்டபோது, சோபாவில் சாய்ந்துகொண்டு அவர் சொன்னது இது: "குழந்தையா? பிரமாதமா வந்தா. எல்லாம் ஒத்திகைதான் சார். கடைசி நிமிஷம் வரைக்கும் ஒத்திகை வேலை செஞ்சுது." உள்ளே பட்டாணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் அதைக் கேட்டாள். கூப்பிட்டு ஒரு துண்டு கேட்டாள். துண்டு எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார்.

சிரிக்கிறீர்களா? உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆளைப் பற்றித்தானே எழுதியிருக்கிறது என்று நினைத்துச் சிரிக்கிறீர்கள். ஒருவேளை பத்திரிகையை மடித்து, அந்த ஆளிடம் காட்ட எடுத்தும் வைத்திருப்பீர்கள். நல்லது. ஆனால் இதை நீங்கள் நிம்மதியாக உட்கார்ந்து கடைசி வரிவரை படித்த இந்த நேரம் முழுக்க, உங்கள் வீட்டுக் குழந்தை யார் கையில் இருந்தது?

எழுந்திருங்கள். உள்ளே போய் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். துண்டு, கொடியில் இருக்கிறது.